ஒட்டுக் கேட்கலாமா?

பிறர் பேசுவதை மறைந்து நின்று கேட்பது கெட்ட வழக்கம் என்று நம் வீடுகளில் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறார்கள். சொல்லித் தருகிறவர்களே, அடுத்த வீட்டில் சண்டை உச்சஸ்தாயியை எட்டும்போது ஜன்னலோரம் போய் நிற்பார்கள் என்பது வேறு விஷயம். விதி என்னவோ விதிதான். கதை எழுதுகிறவன் மட்டும் தான் அதற்கு விலக்கு என்று எண்ணிக்கொண்டு திரிகிறான். ரயிலில் எதிர்ப் பலகையில் உட்கார்ந்திருக்கும் மாமியாரும் மருமகளும், கல்யாணப் பந்தியில் குறை சொல்லிக்கொண்டே மூன்றாம் தடவை பாயசம் கேட்கும் மனிதரும், ஆஸ்பத்திரி வராந்தாவில் அடங்கிய குரலில் பணக் கணக்குப் பார்க்கும் அண்ணன் தம்பிகளும் தனக்காகவே பேசுகிறார்கள் என்பது அவன் நினைப்பு. சம்பாஷணை வெகு இயல்பாக இருக்கிறது என்று வாசகர்கள் பாராட்டுகிறார்கள். அந்த இயல்பு யாருடைய சொத்து என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் அதைக் கதாசிரியனிடம் கேட்பதைவிட, மொழி ஆராய்ச்சி செய்கிறவரிடம் கேட்டால் விஷயம் இன்னும் தெளிவாகும். கதாசிரியன் கேட்டதைத் திரிக்கிறான். மதுரையில் காதில் விழுந்ததைக் கும்பகோணத்தில் வைக்கிறான். கிழவர் சொன்னதைக் குமரி வாயில் போடுகிறான். ஆராய்ச்சியாளருக்கு இந்தச் சலுகை ஒன்றும் கிடையாது. பல மொழி தெரிந்த நாலு சிநேகிதர்கள் கூடிப் பேசும்போது, எந்த இடத்தில் எந்த மொழி தலை நீட்டுகிறது, ஏன் நீட்டுகிறது என்று அறிவது அவர் தொழில். பேச்சு அவருக்கு ஓர் எழுத்தும் மாறாமல் வேண்டும். மாறாமல் வேண்டும் என்பதிலேதான் அத்தனை சங்கடமும் இருக்கிறது.

இந்த ஆராய்ச்சிக்கு ஊர் தேடுகிறவர்களுக்கு நான் பரங்கிப்பேட்டையைச் சொல்வேன். கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே, வெள்ளாறு கடலோடு கலக்கிற இடத்தில் இருக்கிற சிறிய ஊர். போர்த்துகீசியர் அதைப் போர்ட்டோ நோவோ, புதுத் துறைமுகம், என்றார்கள். முஸ்லிம் வணிகர்கள் மஹ்மூது பந்தர் என்றார்கள். மற்றவர்கள், பரங்கி வந்து தங்கிய பேட்டை என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். பின்னால் டச்சுக்காரர், டேனியர், ஆங்கிலேயர் எல்லோரும் வந்து சரக்கு இறக்கினார்கள். 1781-இல் ஹைதர் அலியும் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டும் மோதியது இந்த ஊர்ப் பக்கத்தில்தான். 1830-களில் ஹீத் என்ற ஆங்கிலேயர் இரும்பு உருக்கிப் பார்த்ததும் இங்கேதான். இந்த ஊருக்குப் பெயர் என்ன என்று நூற்றைம்பது வருஷங்களுக்கு முன் ஒருவர் கேட்டிருந்தால், கேட்டவர் முகத்தைப் பார்த்துத்தான் பதில் வந்திருக்கும். மொழி ஆராய்ச்சியின் முதல் பாடம் அதிலேயே அடங்கியிருக்கிறது.

இங்கே எந்தச் சொல் எந்த மொழி என்று பிரிப்பதே சிரமம். சாவி, ஜன்னல், அலமாரி, ஏலம், பீப்பாய் எல்லாம் போர்த்துகீசியர் விட்டுப் போனவை. இன்று அவற்றைச் சொல்கிற பையன் போர்த்துகீசியம் கலந்து பேசுகிறான் என்று யாராவது சொன்னால் சிரிப்பார்கள். அவனே ‘மொபைல்’ என்றால் ஆங்கிலம் கலந்துவிட்டான் என்று கணக்கு எழுதுகிறோம். எத்தனை வருஷம் போனால் கலப்பு தமிழாகும்? இதற்கு யாரும் கெடு வைத்ததாகத் தெரியவில்லை. இன்னொரு பக்கம் பாருங்கள். முஸ்லிம் வீட்டுப் பேச்சைக் குறித்துக்கொள்ள வருகிறவர் அரபுச் சொல்லை எதிர்பார்த்துக் காதைத் தீட்டிக்கொண்டு வருவார். அரபி எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் இந்தக் கரை முழுதும் வழங்கியது என்று அவர் படித்திருப்பார். வந்து உட்கார்ந்தால் காதில் விழுவது தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளிவாசல், அடுக்களையிலிருந்து ஆணம், காலையில் பசியாறியாச்சா என்ற விசாரிப்பு. மற்றவர்கள் வடமொழியிலும் ஆங்கிலத்திலும் சொல்வதை இவர்கள் தமிழில் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள். வாப்பா, உம்மா என்ற முறைப்பெயர்களும், ஊருக்கு ஊர் மாறி அண்ணனைக் காக்கா என்றோ நானா என்றோ கூப்பிடுவதும் இவற்றோடு சேர்ந்து வருகின்றன. இன்னதுதான் கிடைக்கும் என்று முடிவு செய்துகொண்டு வருகிறவருக்கு அது மட்டும்தான் கிடைக்கும்.

அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் இரண்டு துறைகள் இந்தக் கதைக்குள் வருகின்றன. சிதம்பரத்தில் மொழியியல் துறை இருக்கிறது. பரங்கிப்பேட்டையில் கடல் உயிரியல் துறை இருக்கிறது. இரண்டும் 1960-களிலேயே உயராய்வு மையங்களாகப் பெயர் பெற்றவை. முதல் துறை மனிதர் வாயைப் பார்க்கிறது. இரண்டாவது மீன் வாயைப் பார்க்கிறது. மீன் தன்னைப் பார்க்கிறார்கள் என்று வெட்கப்பட்டு நடையை மாற்றிக்கொள்வதில்லை என்ற அளவில் இரண்டாவது துறைக்காரர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கடல் உயிரியல் படிக்க வெளி மாநிலங்களிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள். ஆகையால் நாலு பேரைக் கற்பனை செய்துகொள்வோம். அன்னங்கோயில் மீனவர் வீட்டுப் பையன் ஒருவன். தகப்பனார் வளைகுடா நாட்டில் சம்பாதிக்கிற மரைக்காயர் வீட்டுப் பையன் ஒருவன். கேரளத்திலிருந்து மீன் ஆராய்ச்சிக்கு வந்தவன் ஒருவன். நாலாவது ஆள் சிதம்பரத்தில் மொழியியல் படிக்கிறவன். சாயங்காலம் டீக்கடை பெஞ்சில் நாலு பேரும் கூடுகிறார்கள். பேச்சில் ஒரு மீன் வருகிறது. மீனவன் கானாங்கெளுத்தி என்கிறான். கேரளத்துக்காரனுக்கு அது அயல. அவனே ஆராய்ச்சியைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் ரஸ்ட்ரெல்லிஜர் ஆகிவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்து, மீனவப் பையன் கேரளத்து நண்பனைப் பார்த்து, உங்க ‘அயல’ இன்னைக்கு விலை ஏறிப்போச்சு மச்சான் என்கிறான். நாலாவது ஆளின் நோட்டில் இது மொழி மாற்றம் என்று பதிவாகும். எனக்குத் தெரிந்த பாஷையில் அதற்குப் பிரியம் என்று பெயர். அவன் நோட்டில் எழுதியதும் பொய் இல்லை. ஆனால் அந்தப் பிரியத்தையும் சேர்த்துப் பிடிக்க ஒரு முறை வேண்டும் என்றுதான் உலகம் முழுவதும் அறிஞர்கள் அறுபது எழுபது வருஷங்களாகத் தலையை உடைத்துக்கொள்கிறார்கள்.

பழைய முறை சுலபமானது. கிரியர்சன் என்ற சிவில் உத்தியோகஸ்தர் 1894-இல் தொடங்கி 1928-இல் முடித்த இந்திய மொழி அளவையில், பைபிளில் வருகிற கெட்ட குமாரன் கதையை ஊர் ஊராக அந்தந்த மொழியில் சொல்ல வைத்து எழுதி வாங்கினார்கள். பிரம்மாண்டமான வேலை, சென்னை மாகாணம் அதன் எல்லைக்குள் வரவில்லை. எல்லோரும் ஒரே கதையைச் சொன்னதால் ஒப்பிடுவதற்கு வசதியாக இருந்தது. ஆனால் கதை சொல்கிறவன் தனி ஆள். எதிரே சிநேகிதன் இல்லை. காகிதமும் பேனாவும் பிடித்த ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். குடும்பக் கணக்கெடுப்பும் அப்படித்தான். உன் தாய்மொழி எது என்று கேட்டு ஒரு பதிலை வாங்கிக்கொண்டு போகிறது. 1961-ஆம் வருஷக் கணக்கெடுப்பு இந்தியாவில் 1652 தாய்மொழிகளைப் பட்டியலிட்டது. அத்தனை தாய்மொழிக்காரர்களும் டீக்கடை பெஞ்சில் என்ன பேசுகிறார்கள் என்பது அந்தப் பட்டியலில் எப்படி இருக்கும்?

நம் தமிழில் இன்னொரு தொல்லை உண்டு. நோட்டைத் திறந்தவுடன் தமிழன் எழுத்துத் தமிழுக்குத் தாவிவிடுகிறான். ‘அவன் சொல்றான்’ என்று ஆயிரம் தடவை சொன்ன வாய், ‘நீங்கள் இதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டதும், ‘அவன் சொல்லுகிறான்’ என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் முன் நிற்பதுபோல் ஒப்பிக்கிறது. பொய் சொல்லவேண்டும் என்று இல்லை. விருந்தாளிக்கு நல்ல பாயை எடுத்து விரிக்கிற மரியாதைதான். அந்த மரியாதையே ஆராய்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. யாரும் கவனிக்காதபோது ஜனங்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று அறிய வேண்டும். அதை அறியவோ கவனித்துத்தான் ஆகவேண்டும். இந்த முரண்பாட்டை அமெரிக்க மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1972-இல் வெளிவந்த நூலில் ஒரு பெயர் வைத்தே விளக்கினார்.

அந்த லபோவே 1962-இல் ஒரு வேலை செய்தார். நியூயார்க்கில் சில பேச்சுக்களில் ஆங்கில ‘ர’கர ஒலி விழுங்கப்பட்டுவிடும், அதை உச்சரிப்பது நாகரிகம் என்று ஒரு நினைப்பு பரவிக்கொண்டிருந்தது. லபோவ் மூன்று பெரிய கடைகளுக்குப் போனார். ஒன்று பணக்காரர் கடை, ஒன்று நடுத்தரம், ஒன்று மலிவுக் கடை. நாலாவது மாடியில் இருக்கிற ஒரு சாமானைச் சொல்லி, எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் விசாரித்தார். நாலாவது மாடி என்பதற்கான இரண்டு ஆங்கிலச் சொற்களிலும் அந்த ஒலி உண்டு. காது கேட்காதவர்போல் இன்னொரு தடவை கேட்டுவிட்டு, மறைவாகப் போய்க் குறித்துக்கொண்டார். இப்படி 264 பேர். கடையின் அந்தஸ்துக்கு ஏற்ப ஒலியும் ஏறி இறங்கியது. அந்த ஆராய்ச்சி இன்றும் கொண்டாடப்படுகிறது. தாங்கள் ஒரு சரித்திரத்தில் இடம் பெற்றுவிட்டோம் என்பது அந்த 264 பேருக்கும் அந்த நிமிஷத்தில் தெரியாது. இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். ஒரு மாடிக்கு வழி கேட்டார், சொன்னார்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை என்றே நானும் சொல்வேன். கடைக்காரப் பெண் அந்நியருக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் சொன்னாள். அந்நியருக்குச் சொல்லாததை எப்படி எடுப்பது என்பதில்தான் வழக்கு இருக்கிறது.

நார்வே நாட்டின் வடக்கே ஹெம்னெஸ்பெர்கெட் என்று ஒரு சிற்றூர். அங்கே யான் பெட்டர் புளூம் என்ற மானிடவியலாளரும் ஜான் கம்பர்ஸ் என்ற மொழியியலாளரும் செய்த ஆராய்ச்சி 1972-இல் அச்சாயிற்று. கம்பர்ஸ் அதற்கு முன் 1950-களில் நம் வட இந்தியக் கிராமம் ஒன்றில் இருந்து பழகியவர். அவர்கள் கேள்வி கேட்கவில்லை. ஏற்கெனவே சிநேகிதர்களாக இருக்கிறவர்களை ஒரு வீட்டில் கூடச் சொல்லி, தின்பண்டம் வைத்து, ஒலிப்பதிவுக் கருவியையும் வைத்துவிட்டு, பேசுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஒரு கூட்டத்தில் இருந்தவர்கள் நகரத்துப் பல்கலைக்கழகங்களில் படித்துக்கொண்டு விடுமுறைக்கு ஊர் வந்த மாணவர்கள். ஊர் வழக்கைத் தவிர வேறு பேசமாட்டோம் என்று பெருமை கொண்டவர்கள். பதிவைப் போட்டுக் காட்டினால், வாதம் சூடேறுகிறபோதெல்லாம் பட்டணத்து மொழி வந்து விழுந்திருந்தது. அவர்கள் திகைத்துப் போனார்கள். இனிமேல் அப்படிச் செய்யமாட்டோம் என்று வாக்குக் கொடுத்தார்கள். அடுத்த பதிவிலும், தாங்கள் படித்தவர்கள் என்று காட்டவேண்டிய இடம் வந்ததும் பட்டணத்து மொழி வந்துவிட்டது.

அந்த ஆராய்ச்சியின் முடிவுகளைப் பிற்காலத்தில் நார்வே அறிஞர்களே மறுத்திருக்கிறார்கள். அது கிடக்கட்டும். எனக்கு அந்த மாணவர்களின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. கேட்கலாம், பதியலாம் என்று அவர்கள் சம்மதம் கொடுத்திருந்தார்கள். ஆனால் எதற்குச் சம்மதம் கொடுத்தார்கள்? தங்களைப் பற்றித் தங்களுக்கே தெரியாத ஒன்று வெளியே வரும் என்பது அவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும்? பதிவுக் கருவியை வைத்த அரைமணி நேரத்தில் எல்லோரும் அதை மறந்துவிடுவார்கள் என்று ஆராய்ச்சியாளர்கள் சந்தோஷமாகச் சொல்லிக்கொள்வார்கள். மறந்தபின் வருகிற பேச்சுக்காகத்தானே காத்திருக்கிறார்கள்? நாலு மணிக்குச் சம்மதித்தவன் ஜாக்கிரதையானவன். ஆறு மணிக்குப் பேசுகிறவன் கருவியை மறந்தவன். முதல் ஆள் கொடுத்த சம்மதம் இரண்டாவது ஆளைக் கட்டுமா? பத்திரம் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் கட்டும் என்று வக்கீல்கள் சொல்லலாம். வக்கீல்கள் மட்டும் வாழ்கிற ஊராக இருந்தால் நானும் ஒப்புக்கொள்வேன்.

இங்கிலாந்தில் பென் ராம்ப்டன் என்பவர் 1980-களில் இன்னும் ஒரு படி போனார். பஞ்சாபி, கரீபியன், ஆங்கிலக் குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்து விளையாடும் ஒரு நகரத்தில், பிள்ளைகள் சட்டையிலேயே கம்பியில்லா ஒலிவாங்கியை மாட்டிவிட்டார். பிறகு பதிவின் துண்டுகளை அவர்களுக்கே போட்டுக் காட்டி, இந்த இடத்தில் ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டார். 1995-இல் புத்தகம் வந்தது. அதில் வெள்ளைக்காரப் பையன் நண்பர்களிடம் பஞ்சாபிச் சொற்களை வீசுகிறான். பஞ்சாபிப் பையன் ஜமைக்கா வழக்கை எடுக்கிறான். வாத்தியாரைக் கண்டதும், இந்தியாவிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கியவர்போல் வேண்டுமென்றே தத்துப்பித்தென்று ஆங்கிலம் பேசிக் கிண்டல் செய்கிறான். எல்லாம் விளையாட்டு. விளையாட்டுக்குள்ளே யார் யாருடைய மொழியை எடுக்கலாம், யார் எடுத்தால் அடி விழும் என்று எழுதாத சட்டம் இருக்கிறது. அந்தச் சட்டத்தை வெளியிலிருந்து ஊகித்துவிட முடியாது, விளையாடுகிறவர்களைத்தான் கேட்கவேண்டும். ராம்ப்டன் கேட்டார் என்பதே அவர் முறையின் சிறப்பு.

நம் பெஞ்சுக்குத் திரும்புவோம். அங்கேயும் கிண்டல் உண்டு. மரைக்காயர் வீட்டுப் பையன் மீனவர் பேச்சை ஏற்ற இறக்கத்தோடு பேசிக் காட்டுவான். மீனவப் பையன் அவன் உம்மா அவனைக் கூப்பிடுகிற தினுசைக் காட்டுவான். இருவரும் சேர்ந்து கேரளத்துக்காரன் தமிழை ஒரு வழி பண்ணுவார்கள். நாலு பேரும் வயிறு குலுங்கச் சிரிப்பார்கள். சிரிக்கிற உரிமையை வருஷக்கணக்கான சிநேகம் சம்பாதித்துக் கொடுத்திருக்கிறது. அதே வாக்கியத்தை எடுத்து, ‘முஸ்லிம் இளைஞர், வயது இருபத்திரண்டு, மீனவர் வழக்கைப் பகடி செய்கிறார்’ என்று அச்சில் ஏற்றிப் பாருங்கள். சொல் மாறவில்லை. ஆனால் சிநேகிதன் போய்ச் சமூகம் வந்து உட்கார்ந்துவிட்டது. மனஸ்தாபம் தேடி அலைகிறவன் கையில் அந்தப் பக்கம் கிடைத்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. பெயரை மாற்றிவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது. பெரிய பட்டணத்தில் அது செல்லும். பரங்கிப்பேட்டையில், இன்ன கடை பெஞ்சு, இன்ன தொழில், தகப்பனார் இன்ன நாட்டில் என்று எழுதினால் பெயரை எழுதாமலே ஊர் கண்டுபிடித்துவிடும்.

பொது இடத்தில் உரக்கப் பேசியதை யார் கேட்டால் என்ன என்று சிலர் வாதிக்கிறார்கள். கேட்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு. பேச்சு காற்றோடு போய்விடும் என்ற நம்பிக்கையில்தான் மனிதன் சிநேகிதனிடம் வாய் திறக்கிறான். நேற்று சொன்னதை இன்று மாற்றிச் சொல்லலாம், சொன்னதையே மறந்துவிடலாம் என்கிற சுதந்திரம் அதில் இருக்கிறது. கம்பர்ஸ் காலத்தில் பதிவுக் கருவி மேஜை மேல் ஒரு பெட்டியாக எல்லோர் கண்ணிலும் பட்டது. இன்று அது ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் கைபேசியாகக் கிடக்கிறது. 2023-இல் தனிநபர் தகவல்களைக் காப்பதற்குச் சட்டம் வந்திருக்கிறது. வரட்டும். டீக்கடை பெஞ்சுக்குச் சட்டம் வந்து சேருவதற்குள் டீ ஆறிவிடும்.

எல்லோரையும்விடக் கடினமான நிலையில் இருக்கிறவன் நம் நாலாவது ஆள்தான். அந்நியராக வந்தவரைக் கண்டால் மற்றவர்கள் தாமாக எச்சரிக்கை ஆகிவிடுவார்கள். இவனோ கூட இருந்து, கடன் வாங்கி, காய்ச்சலில் கஞ்சி கொடுத்து வளர்ந்த சிநேகிதன். இவன் முன்னால் பேச்சு மாறாது; ஆகையால் இவனுக்குக் கிடைப்பதுபோல் வேறு யாருக்கும் கிடைக்காது. பேராசிரியர்கள் இதையே பெரிய வசதி என்று சொல்வார்கள். வசதிதான். அவனை அந்த இடத்தில் உட்கார வைத்த நம்பிக்கை ஆராய்ச்சிக்காகக் கொடுக்கப்பட்டதல்ல என்பதை மட்டும் அவன் மறக்கக் கூடாது. ஆராய்ச்சியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. யாரும் கேட்காமல் விட்டால் பரங்கிப்பேட்டை பெஞ்சின் பேச்சைப் பற்றி, அதைக் கேட்டே இராதவர்கள்தான் தீர்ப்புச் சொல்வார்கள். தமிழ் கெட்டுப்போயிற்று என்று மேடையில் முழங்குவார்கள். ‘உங்க அயல’ என்ற இரண்டு சொல்லில் இருக்கிற நயம் யாருக்கும் தெரியாமலே போய்விடும். அது நஷ்டம்.

ஆகவே அவன் கேட்கட்டும். ஆனால் கைபேசியைப் பையில் வைத்துக்கொண்டு கேட்கக் கூடாது. பெஞ்சின் மேல் வைக்கவேண்டும். ஒரு தடவை சொன்னது போதும் என்று இராமல், ஒவ்வொரு நாளும் சொல்லவேண்டும். பேச்சு கொஞ்சம் கெடும், கெடட்டும். அதைவிட முக்கியமாக, பதிந்ததை மூன்று பேருக்கும் போட்டுக் காட்டவேண்டும், அச்சுக்குப் போகுமுன். கேட்கிறபோது ஒருவன் சிரிப்பான். ஒருவன், இது நான் இல்லைடா என்பான். மூன்றாமவன் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, மறுநாள் தனியாக வந்து, அந்த ஒரு வரியை எடுத்துவிடு என்று கேட்பான். ஆறு மாதம் காத்திருந்து கிடைத்த வரியே அதுவாக இருக்கும். ஆராய்ச்சி முழுவதும் அதன்மேல் நிற்பதாகவும் இருக்கலாம். அப்போது வாதம் செய்யக் கூடாது. நீ கையெழுத்துப் போட்டிருக்கிறாயே என்று சொல்லவே கூடாது. அவன் எதிரிலேயே அழித்துவிட வேண்டும். பதினோரு வினாடி இடைவெளி ஏன் என்று பேராசிரியர் பின்னால் கேட்பார். நண்பர் கேட்டுக்கொண்டபடி நீக்கப்பட்டது என்று ஓரத்தில் எழுதினால் போதும். காரணம் எழுத வேண்டியதில்லை.